கடைப் பிரிண்டரில் ஃபான்ட் தானாக மாறுவது ஏன்? எந்த இடத்தில் மாறுகிறது?

மணல்தேரி:
எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுக்கும் கட்டத்தில் இருக்கிறேன். மொழியியல் துறை. தமிழ் உரை லதா ஃபான்டில், ஆங்கிலம் டைம்ஸ் நியூ ரோமனில். பழைய குறிப்புகள் சில பாமினி என்ற பழைய ஃபான்டில் இருந்தன, அவற்றை அப்படியே ஒட்டிவிட்டேன். மூன்றாம் இயலை மட்டும் வெளியே தட்டச்சுக்குக் கொடுத்து பிடிஎஃப் ஆக வாங்கினேன். எழுத்துப்பெயர்ப்புக்கு, அதாவது தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டுவதற்கு, அடியில் கோடும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்துகள் தேவை என்பதால் அதற்கென்றே ஒரு பழைய ஃபான்ட் போட்டிருக்கிறார்கள்.

வீட்டு மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கடையில் வேர்ட் கோப்பைத் திறந்ததும் பக்கங்கள் நகர்ந்துவிட்டன, பொருளடக்கத்தில் உள்ள எண்ணும் பக்கத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை. பாமினிப் பகுதி முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். சரி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பென் டிரைவைப் பெரிய மெஷினிலேயே செருகி அடித்தார். இம்முறை தமிழ் சரியாக வந்தது. ஆனால் மூன்றாம் இயலில் எழுத்துப்பெயர்ப்பு வரும் இடமெல்லாம் டைப்ரைட்டர் எழுத்து, அதுவும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. "ஃபைல்லதான் கோளாறு" என்கிறார் அவர். ஃபைலிலா, கணினியிலா, மெஷினிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாள்மணம்:
தம்பி, மெஷினைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். முதல் தடவை வேர்ட் கோப்பில் வரிகள் எந்தச் சொல்லில் முடிகின்றன என்பதே மாறியதா? பிடிஎஃப் அடித்தபோது மூன்றாம் இயலில் வரிகள் பழைய இடத்திலேயே முடிந்து, எழுத்து மட்டும் மாறியதா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஃபான்ட் மாறுவது ஒரே இடத்தில் நடப்பதில்லை. மென்பொருள் கோப்பைத் திறக்கும்போது மாற்றலாம். பிடிஎஃப் காட்டும் நிரல் மாற்றலாம். பிரிண்டருக்கு வேலையை அனுப்பும் டிரைவர் நிரல் மாற்றலாம். கடைசியில் பிரிண்டரே தன் உள்ளே இருக்கும் ஃபான்டைப் போட்டு அடிக்கலாம். எதுவுமே பெரும்பாலும் நம்மிடம் சொல்லிவிட்டுச் செய்வதில்லை. வரி நகர்ந்திருந்தால் பக்கத்தை அமைப்பதற்கு முன்பே ஃபான்ட் மாறிவிட்டது, அப்படியென்றால் வேர்டில். வரி நகராமல் எழுத்து மட்டும் இடித்தால், பக்கம் அமைத்து முடித்த பிறகு மாறியிருக்கிறது: பிடிஎஃப் நிரலில், அல்லது பிரிண்டரில். பிரஸ்ஸில் பிளேட்டுக்குப் போகும் கோப்புகளை நான் இந்த ஒரு அடையாளத்தை வைத்துத்தான் முதலில் பிரிக்கிறேன்.

மணல்தேரி:
நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது அண்ணா. வேர்டில் வரிகள் எல்லாம் நகர்ந்திருக்கின்றன. பிடிஎஃப்-இல் வரியின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் வீட்டில் பார்த்தது போலவே இருக்கின்றன. ஆங்கில ஐ, எல் போன்ற ஒல்லி எழுத்துகள் பக்கத்து எழுத்தின் மேல் ஏறுகின்றன. எம் வரும் இடத்தில் பின்னால் இடைவெளி விழுகிறது.

தாள்மணம்:
அப்போது உங்களுக்கு இரண்டு தனித்தனிக் கோளாறு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகாது.

முதலில் வேர்ட். வழக்கமான வேர்ட் கோப்புக்குள் ஃபான்ட் இருப்பதில்லை, அதன் பெயர்தான் இருக்கிறது. "இந்தப் பத்தி லதா, 12 புள்ளி" என்று எழுதியிருக்கும், அவ்வளவே. திறக்கிற கணினியில் லதா இல்லையென்றால் வேர்ட் வேறொன்றைப் பிடித்துப் போடும். "லதா விண்டோஸ் கூடவே வருமே" என்பீர்கள். விண்டோஸ் 7 வரை அது சரி. விண்டோஸ் 10-இலிருந்து லதாவும் விஜயாவும் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்ற தனி மூட்டைக்குப் போய்விட்டன. தமிழை ஒரு மொழியாகச் சேர்க்காத கணினியில் அவை இருக்காது, நிர்மலா யூஐ மட்டும் இருக்கும். கடைக் கணினி அப்படிப்பட்டதாக இருக்க வேண்டும். நிர்மலாவின் எழுத்து அகலமும் வரி உயரமும் லதாவினுடையவை அல்ல. ஒரு வரிக்கு ஒரு சொல் கீழே இறங்கினால் போதும், இயல் முடிவதற்குள் பக்கங்கள் தள்ளிப்போய்விடும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் அந்த மூட்டையை இறக்கினால் லதா திரும்ப வரும். ஆனால் கடைக் கணினியில் போய் அதைச் செய்துகொண்டிருக்க முடியாது, பிடிஎஃப்தான் வழி.

பாமினி வேறு கதை. அதில் இருப்பவை தமிழ் எழுத்துகளே அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த ஃபான்ட் அது. நீங்கள் 'தமிழ்' என்று பார்ப்பதைக் கணினி ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்றுதான் வைத்திருக்கிறது. ஃபான்ட் போனதும் அந்த ஐந்தும் வெளியே தெரிகின்றன. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண் வைத்திருக்கும் யூனிகோடு உரையில் ஃபான்ட் மாறினால் அழகு கெடும், பக்கம் நகரும், ஆனாலும் படிக்க முடியும். பாமினியில் உரையே போய்விடுகிறது. அந்தப் பகுதிகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றி எத்தனையோ இலவசமாகக் கிடைக்கிறது.

ஈயக்கட்டை:
பாமினியைப் பற்றி இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. நான் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் காலத்திலிருந்து டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) செய்கிறேன். பாமினியிலும் அது போன்ற ஃபான்டுகளிலும் எத்தனையோ மலர்கள், நூல்கள் அடித்திருக்கிறோம். ஃபான்டை பிடிஎஃப்-க்குள் எம்பெட் செய்து, அதாவது உள்ளேயே பதித்து, கொடுத்தால் பிரஸ்ஸில் ஒரு புள்ளி மாறாது. எம்பெட் செய்யாமல் கொடுப்பதுதான் தவறு.

பேஜ்மேக்கரில் ஒன்று கவனித்திருப்பீர்கள். ஃபான்ட் இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் 'பனோஸ்' என்ற தலைப்பில் ஒரு பெட்டி வரும், இன்ன ஃபான்டுக்குப் பதில் இன்னது என்று. பனோஸ் என்பது ஒரு ஃபான்டின் சாயலைப் பத்து எண்களில் குறித்து வைக்கும் முறை: முனைக்கட்டு உண்டா, தடிமன் எவ்வளவு, உருண்டையா என்றெல்லாம். அந்த எண்களை ஒப்பிட்டு நெருக்கமானதைத் தேர்ந்தெடுக்கும். ஆங்கில ஃபான்டுகளுக்கு நல்ல ஏற்பாடுதான். நம் பழைய தமிழ் ஃபான்டுகளில் அந்த எண்களை யாரும் ஒழுங்காக நிரப்பவில்லை. சில ஏதோ ஓர் ஆங்கில ஃபான்டைத் திருத்திச் செய்தவை என்பதால் அதன் எண்களே அப்படியே இருக்கும். அதனால் பேஜ்மேக்கர் நம்பிக்கையோடு ஓர் ஆங்கில ஃபான்டைக் காட்டும். அந்தப் பெட்டியில் ஓகே கொடுக்காமல், மூடிவிட்டு, ஃபான்டை நிறுவிய பிறகு திறப்பதுதான் முறை.

தாள்மணம்:
அச்சுக்கு நீங்கள் சொல்வது சரி ஐயா, எம்பெட் செய்த பாமினி அழகாகவே வரும். ஆனால் இது ஆய்வேடு. பல்கலைக்கழகம் மின்படியும் கேட்கும், அது சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறும். பாமினியில் இருக்கும் பத்தியில் யாராவது ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. நகலெடுத்தால் ஜே கே பி ஓ தான் வரும். தாளில் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்று இந்த வேலையை விட முடியாது.

ஒற்றெழுத்து:
இவ்வளவு தலைவலி எதற்கு? ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கிக் கொடுத்துவிடலாமே. படத்தில் ஃபான்டே இல்லை, மாற்றுவதற்கும் ஒன்றும் இல்லை. அக்ரோபாட் ரீடரின் பிரிண்ட் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' உள்ளே 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' என்றே இருக்கிறது. கடையில் அதை டிக் செய்யச் சொல்லுங்கள், வேலை முடிந்தது.

கரிமைத்தூள்:
அவசரத்துக்கு அது நல்ல வழிதான். விண்ணப்பம், நுழைவுச்சீட்டு என்றால் நானே அதைத்தான் சொல்வேன். ஆய்வேட்டுக்கு வேண்டாம். ஃபான்டாகப் போகும் எழுத்தை பிரிண்டர் தன் முழு நுணுக்கத்தில், 600 அல்லது 1200 புள்ளி அடர்த்தியில், தானே வரைந்துகொள்கிறது. படமாகப் போனால் படம் எந்த அடர்த்தியோ அந்த அளவுதான். 300-இல் எடுத்த பக்கத்தில் லதாவின் புள்ளிகளும் சுழிகளும் பிசிறடிக்கும், அடிக்குறிப்பு அளவில் நன்றாகவே தெரியும். கோப்பும் ஊதிப்போகும்.

பிரிண்டர் சர்வீஸில் இருப்பவள் என்பதால் மெஷினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோளாறு என்று பலர் நினைப்பது உண்மையில் வேண்டுமென்றே செய்து வைத்த ஏற்பாடு.

1985-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் வந்தபோது அதன் மெமரி 1.5 எம்பி. பக்கத்தில் எது எங்கே வர வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி அதற்குள் ஓடியது. கணினியிலிருந்து கம்பி வழியாக ஃபான்டை அனுப்ப நேரம் பிடிக்கும், அனுப்பினாலும் வைக்க இடம் குறைவு. அதனால் 13 ஃபான்டுகளை மெஷினின் ரோமிலேயே (அழியாத நினைவகத்திலேயே) பதித்து அனுப்பினார்கள்: டைம்ஸ், ஹெல்வெடிகா, கூரியர் மூன்றிலும் நான்கு நான்கு, அதோடு சிம்பல். அடுத்த ஆண்டு வந்த லேசர்ரைட்டர் பிளஸில் அது 35 ஆனது. அப்புறம் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர்களுக்கெல்லாம் அந்த 35 ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கணினி "ஹெல்வெடிகாவில் இந்த வரி" என்று பெயரை மட்டும் சொன்னால் போதும், பிரிண்டர் தன்னிடம் இருப்பதை எடுத்துப் போடும்.

பெயர் சொன்ன ஃபான்ட் அதனிடம் இல்லையென்றால்? வேலையை நிறுத்திப் பிழை காட்டலாம், அல்லது வேறொன்றைப் போட்டுத் தொடரலாம். பெரும்பாலான போஸ்ட்ஸ்கிரிப்ட் மெஷின்கள் கூரியரைப் போட்டுத் தொடரும். மணல்தேரி தம்பி பார்த்த டைப்ரைட்டர் எழுத்து அதுதான். கூரியர் 1950-களில் ஐபிஎம் தட்டச்சுப்பொறிக்காக வரைந்த எழுத்து, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். அகல எண்களைப் பார்த்தால் இடிப்பதற்குக் காரணம் புரியும். எழுத்தின் அளவை 1000 என்று வைத்தால் டைம்ஸில் சின்ன ஐ 278, சின்ன எம் 778. கூரியரில் இரண்டுமே 600. பிடிஎஃப்-க்குள் ஃபான்ட் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் எவ்வளவு இடம் என்ற அகலப் பட்டியல் இருக்கும், மெஷின் அந்த இடத்தை மாற்றாது. பந்தியில் இலை போட்டு முடித்த பிறகு ஆட்கள் மாறி உட்கார்ந்தது போல ஆகிவிடும்: 278 இடத்தில் 600 அகல எழுத்து உட்கார்ந்து பக்கத்தில் இடிக்கிறது, 778 இடத்தில் உட்கார்ந்தால் வெற்றிடம் மிஞ்சுகிறது.

ஒற்றெழுத்து:
இதெல்லாம் 1985 கதை அக்கா. இப்போது எந்த பிரிண்டர் தன் ஃபான்டைப் பயன்படுத்துகிறது? கணினியே பக்கத்தைப் புள்ளிகளாக்கி அனுப்பிவிடுகிறதே.

கரிமைத்தூள்:
வீட்டில் வைக்கும் விலை குறைந்த லேசருக்கும் இங்க்ஜெட்டுக்கும் நீங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. அவற்றுக்குள் போஸ்ட்ஸ்கிரிப்டும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி ஃபான்டும் இல்லை. கணினியில் இருக்கும் டிரைவரே பக்கம் முழுவதையும் புள்ளியாக்கித் தரும். மணல்தேரி வீட்டில் அடித்தபோது சரியாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கடைகளிலும் அலுவலகங்களிலும் நிற்கும் பெரிய மெஷின்கள் அப்படி இல்லை. அவற்றில் போஸ்ட்ஸ்கிரிப்டும் பிசிஎல் என்ற இன்னொரு பிரிண்டர் மொழியும் ஓடுகின்றன, பென் டிரைவில் வரும் பிடிஎஃப்-ஐ மெஷினே திறந்து படிக்கிறது. அந்த நேரத்தில் கடைக் கணினியில் என்ன ஃபான்ட் இருந்தும் பயனில்லை, மெஷினுக்கு அவை தெரியாது. சந்தேகம் இருந்தால் மெஷினின் மெனுவில் ரிப்போர்ட்ஸ் பகுதியில் ஃபான்ட் லிஸ்ட் இருக்கும், அடித்துப் பாருங்கள். போஸ்ட்ஸ்கிரிப்டுக்கு ஒன்று, பிசிஎல்லுக்கு ஒன்று எனத் தனித்தனியாக வரும்.

விண்டோஸ் டிரைவரிலும் ஒரு மாற்றுப் பட்டியல் உண்டு. போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரின் பிராப்பர்ட்டீஸில் 'டிவைஸ் செட்டிங்ஸ்' தாவலைத் திறந்தால் 'ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன் டேபிள்' தெரியும். ஏரியல் என்றால் ஹெல்வெடிகா, டைம்ஸ் நியூ ரோமன் என்றால் டைம்ஸ், கூரியர் நியூ என்றால் கூரியர். பல அலுவலகங்களில் திரையில் ஏரியலைப் பார்த்து, தாளில் ஹெல்வெடிகாவை வாங்கிக்கொண்டு, யாருமே கவனிக்காமல் ஓடியிருக்கிறது. கவனிக்காததற்குக் காரணம் அகலம். மோனோடைப் நிறுவனம் 1982-இல் ஏரியலை வரைந்தபோது ஹெல்வெடிகாவின் அகலங்களை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொண்டது. சின்ன ஏ இரண்டிலும் 556. வரி ஒரு மயிரிழைகூட நகராது. சின்ன டீயின் உச்சியைப் பாருங்கள்: ஏரியலில் சரிவாக வெட்டியிருக்கும், ஹெல்வெடிகாவில் நேராக. உங்கள் அலுவலகத் தாளில் எது வருகிறது என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

ஈயக்கட்டை:
அகலம் ஒத்துப்போனால் மாற்று ஃபான்ட் தொல்லையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்துகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? எங்களுக்கு ரூபாய் குறியால் வந்த தொல்லை கொஞ்சமில்லை.

கரிமைத்தூள்:
ஆமாம், அதை விட்டுவிட்டேன். பெயரும் அகலமும் ஒன்றாக இருந்தாலும், பிரிண்டருக்குள் இருக்கும் டைம்ஸ் அது செய்த காலத்து எழுத்துகளோடு நின்றுவிட்டது. யூரோ வந்தபோதே இந்தச் சிக்கல் வந்தது. அதற்காகவே விண்டோஸ் டிரைவரில் 'போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபான்டுகளில் யூரோ குறியைச் சேர்' என்று தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. நம் ரூபாய் குறி 2010-இல்தான் வந்தது, அதற்கு முன் செய்த எந்த மெஷினின் ஃபான்டிலும் அது இருக்க வழியில்லை. அந்த ஆண்டு பரவிய ஒரு ஃபான்டில் விசைப்பலகையின் இடது மூலையில் இருக்கும் சாய்ந்த ஒற்றை மேற்கோள் விசையில் ரூபாய் குறியை வைத்திருந்தார்கள். அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் பில் தொகைக்கு முன்னால் ஒரு கோணல் மேற்கோள் மட்டும் நிற்கும். இன்றும் பழைய எக்செல் கோப்புகளில் அதைப் பார்க்கிறேன். யூனிகோடு ரூபாய் குறியைப் போட்டு, டிரைவரில் 'ட்ரூடைப் ஃபான்ட்' என்ற இடத்தில் 'டவுன்லோட் ஆஸ் சாஃப்ட்ஃபான்ட்' என்று மாற்றினால் சரியாகிவிடும். அப்போது பிரிண்டரின் ஃபான்டை நம்பாமல் கணினியின் ஃபான்டையே அனுப்பும். இன்றைய மெஷின்களில் மெமரிக்குப் பஞ்சமில்லை, நான் போகும் இடங்களில் எல்லாம் இதை மாற்றி வைத்துவிடுகிறேன்.

ஆய்வேட்டின் எழுத்துப்பெயர்ப்புக்கும் இதே நியாயம்தான். அடிக்கோடு போட்ட என், ஆர், எல் எல்லாம் பிரிண்டரின் டைம்ஸில் கிடையாது.

ஊற்றுக்கண்:
லினக்ஸ் பக்கத்திலிருந்து கொஞ்சம். மணல்தேரி, பிடிஎஃப்-ஐப் படிக்கும் பாப்ளர் கருவிகளில் 'பிடிஎஃப்ஃபான்ட்ஸ்' என்ற கட்டளை இருக்கிறது. கோப்பின் பெயரைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபான்டையும் வரிசையாகக் காட்டி, எம்பெட் ஆகியிருக்கிறதா என்று ஆமாம், இல்லை சொல்லும். விண்டோஸில் வேண்டுமானால் அக்ரோபாட் ரீடரில் 'டாகுமென்ட் பிராப்பர்ட்டீஸ்' திறந்து 'ஃபான்ட்ஸ்' தாவலைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'எம்பெடட் சப்செட்' என்று இருந்தால் கவலை வேண்டாம். அது இல்லாமல் 'ஆக்சுவல் ஃபான்ட்' என்று வேறொரு பெயர் இருந்தால், நீங்கள் திரையில் பார்ப்பதே மாற்று ஃபான்ட்தான்.

அந்த 'ஆக்சுவல் ஃபான்ட்' இடத்தில் அடோபி சான்ஸ் எம்எம், அடோபி செரிஃப் எம்எம் என்று வந்தால் இன்னும் கவனம் தேவை. அக்ரோபாட்டோடு வரும் ரப்பர் ஃபான்டுகள் அவை. இல்லாத ஃபான்டின் அகலப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தையும் இழுத்தோ ஒடுக்கியோ அந்த இடத்துக்குள் பொருத்திவிடும். ஆங்கிலத்தில் பார்க்கிறவருக்குச் சட்டென்று தெரியாது, அவ்வளவு நன்றாகப் பொருத்தும். அதனால்தான் திரையில் சரியாகத் தெரிந்த கோப்பு வேறு மெஷினில் கூரியராக வருகிறது. திரையைப் பார்த்து முடிவு செய்யாமல் பட்டியலைப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

லினக்ஸில் இந்த அகலப் பொருத்தத்தை வெளிப்படையாகவே செய்து வைத்திருக்கிறார்கள். ரெட் ஹேட் 2007-இல் வெளியிட்ட லிபரேஷன் ஃபான்டுகள் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ மூன்றுக்கும் அகலம் மாறாத மாற்று. காலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கலாடியா. கார்லிட்டோ நிறுவாமல் காலிப்ரிக் கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்தால் டேஜாவு சான்ஸ் போன்ற அகலமான ஒன்று வந்து உட்கார்ந்து, ஒரு பக்கத் தன்விவரம் இரண்டு பக்கமாகிவிடும். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும், அவர்களாகக் கண்டுபிடிக்கவே முடியாத காரணம் இது.

தமிழுக்கு இப்படி அகலம் ஒத்த மாற்று எதையும் நான் பார்த்ததில்லை. லதாவுக்குப் பதில் லோகித் வந்தாலும் நோட்டோ வந்தாலும் வரி நகரும். அகலம் லதாவினுடையதாக இருக்கும்படி ஒரு திறந்த தமிழ் ஃபான்டை யாராவது வரைந்தால், அரசு அலுவலகம் முதல் மாணவர் வரை எத்தனையோ பேருக்குப் பயன்படும். எழுத்துரு வரைபவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

மணல்தேரி:
அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. பட்டியலைப் பார்த்துவிட்டேன். லதா, டைம்ஸ் நியூ ரோமன், பாமினி மூன்றுக்கும் எம்பெடட் சப்செட் என்று இருக்கிறது. மூன்றாம் இயலின் எழுத்துப்பெயர்ப்பு ஃபான்டுக்கு மட்டும் இல்லை. 'ஆக்சுவல் ஃபான்ட்' இடத்தில் அதே பெயர் இருக்கிறது, எப்போதோ அதை என் மடிக்கணினியிலும் நிறுவியிருக்கிறேன் போலும். தட்டச்சு செய்தவரிடம் மூலக் கோப்பு கேட்டிருக்கிறேன். ஆனால் அவரும் வழக்கம்போலத்தான் பிடிஎஃப் ஆக்கினார் என்கிறார். மற்றவை உள்ளே போகும்போது இது மட்டும் ஏன் போகவில்லை?

தாள்மணம்:
இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். ஒன்று, பிடிஎஃப் செய்யும் நிரலில் கோப்பின் அளவைக் குறைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், அதில் 'எம்பெட் செய்யாதே' என்று ஒரு பட்டியல் இருக்கும். இரண்டு, அந்த ஃபான்டுக்குள்ளேயே எம்பெட் அனுமதி இல்லை என்று குறித்திருக்கலாம். ட்ரூடைப் ஃபான்டுகளில் உரிமைக்கென்று ஓர் எண் இருக்கிறது: தாராளமாகப் பதிக்கலாம், பார்க்கவும் அச்சிடவும் மட்டும் பதிக்கலாம், பதிக்கவே கூடாது என்று வகை வகையாக. வேர்ட் போன்றவை அந்த எண்ணை மதிக்கும். பழைய ஃபான்டுகள் பலவற்றில் செய்தவர் வேண்டுமென்று குறிக்காமல் கருவி தானாக எழுதிய எண்ணே இருக்கும். பாவம், தட்டச்சு செய்தவருக்குத் தெரிய வாய்ப்பில்லை, நிரல் அவரிடம் ஒன்றும் கேட்டிருக்காது.

மூலக் கோப்பு வந்ததும் எழுத்துப்பெயர்ப்பையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இன்றைய விண்டோஸின் டைம்ஸ் நியூ ரோமனிலேயே அடிக்கோட்டு எழுத்துகளும் நெடில் கோடும் இருக்கின்றன, தனி ஃபான்ட் தேவையில்லை. அப்புறம் வேர்டில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் பெட்டியில் 'ஆப்ஷன்ஸ்' திறந்து பிடிஎஃப்/ஏ என்பதை டிக் செய்யுங்கள். 2005-இல் ஐஎஸ்ஓ தரமாக வந்த வடிவம் அது. நூலகத்தில் நீண்ட காலம் வைப்பதற்கென்றே செய்தது, எல்லா ஃபான்டும் உள்ளே இருந்தாக வேண்டும் என்பது அதன் விதி. அதே பெட்டியில் 'ஃபான்டைப் பதிக்க முடியாவிட்டால் உரையைப் புள்ளிப்படமாக்கு' என்றும் ஒன்று இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் அதற்கு வேலையே வராது.

பட்டியலில் ஃபான்ட் பெயருக்கு முன்னால் பொருளில்லாத ஆறு பெரிய எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆவணத்தில் பயன்பட்ட எழுத்துகளை மட்டும் எடுத்துப் பதித்ததற்கு அடையாளம் அது. பிரஸ்ஸில் எங்களுக்கு அது பெரிய காவல். ஒரே பெயரில் வெவ்வேறு எழுத்தமைப்புள்ள தமிழ் ஃபான்டுகள் உலவுகின்றன. முன்னொட்டு இல்லாமல் வந்தால் பிரஸ் கணினியில் இருக்கும் அதே பெயர் ஃபான்டோடு குழம்பிப்போக வாய்ப்புண்டு.

மணல்தேரி:
மூலக் கோப்பு வந்துவிட்டது. யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப்/ஏ ஆக்கி, அதே கடையில் அதே மெஷினில் பென் டிரைவிலேயே அடித்தேன். மூன்றாம் இயல் சரியாக வந்திருக்கிறது. பொருளடக்க எண்களையும் ஒத்துப் பார்த்துவிட்டேன்.

சந்தைத்தெரு:
இழையின் நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பில் மென்பொருளில் பொருட்களின் பெயரைத் தமிழில் போட்டேன். திரையில் நன்றாகத் தெரிகிறது, சின்ன தெர்மல் பிரிண்டரில் வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது. ஃபான்டை எம்பெட் செய்ய இங்கே இடமே காணோம். பிரிண்டரை மாற்ற வேண்டுமா?

கரிமைத்தூள்:
மாற்ற வேண்டாம் அண்ணாச்சி. உங்கள் மென்பொருள் எழுத்தை எழுத்தாகவே அனுப்புகிறது, அதாவது எண்களாக. பிரிண்டர் தன் உள்ளே இருக்கும் ஃபான்டிலிருந்து எடுத்து அடிக்கிறது. அதற்குள் ஆங்கிலமும் சில ஐரோப்பிய மொழி எழுத்துகளும்தான் இருக்கும், தமிழ் இருக்காது. இல்லாததற்குப் பதிலாகக் கேள்விக்குறியை மென்பொருளே மாற்றி அனுப்பியிருக்கவும் கூடும். இங்கேதான் ஒற்றெழுத்து சொன்ன யோசனை சரியாகப் பொருந்துகிறது: பெயரைப் படமாக அனுப்ப வேண்டும்.

மென்பொருள் அமைப்பில் 'கிராஃபிக் மோட்', 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்', 'விண்டோஸ் டிரைவர்' இப்படி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். 'டெக்ஸ்ட் மோட்' அல்லது 'ரா' என்று இருந்தால் அதை மாற்றுங்கள். மென்பொருள்காரரிடம் கேட்பதானால், தமிழ் வரிகளை ராஸ்டர் படமாக அனுப்பச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

சந்தைத்தெரு:
'கிராஃபிக்' என்று இருக்கிறது, மாற்றியதும் தமிழ் வந்துவிட்டது. ரொம்ப நன்றிம்மா. ஆனால் எழுத்து பொடியாக, புள்ளியெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறது. பில் வருவதும் கொஞ்சம் மெதுவாகிவிட்டது.

கரிமைத்தூள்:
உங்கள் தாள் மூன்று அங்குலமா, இரண்டா? 80 மிமீ தாள் என்றால் அச்சு அகலம் பெரும்பாலும் 576 புள்ளி, 58 மிமீ என்றால் 384. மிமீக்கு 8 புள்ளிதான் அதன் நுணுக்கம். 80-க்குச் செய்த படத்தை 58-இல் அடித்தால் மென்பொருள் சுருக்கிவிடும், அதில் புள்ளி ஒட்டும். தாள் அகலத்தை அமைப்பில் சரியாகக் கொடுத்துவிட்டு, ஃபான்ட் அளவை ஒன்றிரண்டு கூட்டுங்கள். கோடு மெல்லிதாக இருக்கும் லதாவைவிட நிர்மலா இந்த மெஷினில் தெளிவாக வரும், நான் போட்டுக் கொடுத்த கடைகளில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். போல்டு வேண்டாம், சுழி அடைத்துவிடும்.

வேகத்துக்கு, பொருளின் பெயரை மட்டும் படமாக வைத்துக்கொண்டு அளவு, விலை, மொத்தம் எல்லாவற்றையும் பிரிண்டரின் சொந்த எழுத்திலேயே விடலாம். எண்களுக்கு அதன் ஃபான்ட் போதும். அந்த வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.